யாருடைய நாளை?

சென்ற மாதம் ஓர் இலக்கிய மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர் பெரிய பிரசங்கி. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டலுக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாழ்க்கையில் எது முக்கியம் என்பது அவர் எடுத்துக்கொண்ட விஷயம். நாளை என்று ஒன்று கிடையவே கிடையாது. அது மனம் கற்பித்த மாயை. இன்று, இந்த நிமிஷம், இது ஒன்றுதான் மெய். இதில் வாழக் கற்றவனே ஞானி — இதைத்தான் முக்கால் மணி நேரம் விதவிதமாகச் சொன்னார். சபை சொக்கிப் போயிற்று. நானும் ஓரிரு இடங்களில் தலையை ஆட்டிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்தது. மாலைகளும் சால்வைகளும் ஓய்ந்தன. மேடையோரம் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக் செட்காரர் எழுந்து வந்து காரியதரிசியின் பக்கத்தில் தயங்கி நின்றார். போன கூட்டத்துப் பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தால் தேவலை என்றார். காரியதரிசி நல்ல மனிதர். கோபம் என்பதே அறியாதவர். சிரித்த முகத்தோடு அவர் தோளில் தட்டி, "நாளைக்கு வாப்பா, பார்த்துக்கலாம்" என்றார்.

பிரசங்கி இரண்டடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நாளை என்று ஒன்று இல்லவே இல்லை என்று அரை மணிக்கு முன் நிரூபித்தவர், இல்லாத அந்த நாளைக்கு ஒரு மனிதனை வரச் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாமோ? அவர் திடுக்கிடவில்லை. சால்வையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரு சந்தேகம் தட்டிற்று. 'நாளை இல்லை' என்ற வேதாந்தத்தை நமக்கும், 'நாளைக்கு வா' என்ற உத்தரவைப் பிறருக்குமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறோமோ? யோசிக்க யோசிக்க அது சந்தேகமாக இல்லை, நிச்சயமாகவே பட்டது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். படிக்கிறவர்களில் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். எழுதுகிற எனக்கு வந்திருக்கிற கோபம் முதலில் என்மேல்தான்; அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

'இன்றே வாழ்' என்று போதிக்கும் புத்தகங்கள் இப்போது ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் முறுக்குப் பொட்டலங்களுக்குச் சமமாக விற்பனையாகின்றன. அவற்றை யார் எழுதுகிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒன்றாம் தேதி சம்பளம் வந்து விழுகிறவர்கள். அரிசி டப்பா நிறைந்திருக்கிறவர்கள். பிள்ளையின் படிப்புக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் ஏற்கெனவே வழி செய்துவிட்டவர்கள். நாளையைப் பத்திரமாக வங்கியில் போட்டுப் பூட்டிவிட்டு வந்து, நாளை மாயை என்று இவர்கள் சொல்கிறார்கள்! அன்றாடம் காய்ச்சியிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். அவனுக்கு இன்று என்பது ரசித்து அனுபவிக்கிற பண்டமா? எப்போது கழியும் என்று எண்ணித் தள்ளுகிற பாரம் அது. அவன் வாழ்வதெல்லாம் நாளையில்தான். நாளைக்கு மழை வரும், நாளைக்குக் கூலி கூடும், நாளைக்குப் பெண் படித்துப் பெரியவளாவாள். அவன் கையில் இருக்கும் ஒரே சொத்து அது. அதையும் மாயை என்று சொல்லிப் பறிக்க வருகிறவனை ஞானி என்று நான் அழைக்க மாட்டேன்.

இதற்கு வள்ளுவரைத் துணைக்கு இழுக்கிறார்கள். நிலையாமை என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறாரே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே என்று சொல்லியிருக்கிறாரே என்கிறார்கள். சொல்லியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் எதை ஒத்திப்போடாதே என்றார்? அறத்தை. வயதான பிற்பாடு செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைக்காமல் அறத்தை இன்றே செய் என்றார். நாக்கு இழுத்து விக்கல் மேலெழும் முன்னால் நல்வினையை முந்திச் செய் என்றார். நாளை நிச்சயமில்லை, ஆகவே இன்று பிறருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடு என்பது வள்ளுவர் கணக்கு. நாளை நிச்சயமில்லை, ஆகவே இன்று நான் அனுபவிக்க வேண்டியதை அனுபவித்துவிடுகிறேன் என்பது நம் கணக்கு. அடியில் போட்ட எண் ஒன்றுதான். கூட்டிய விடை மட்டும் நேர்மாறு!

நாளை என்ற சொல்லைத் தம் பெயராகவே சுமந்த ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான திருநாளைப்போவார். நாம் நந்தனார் என்று அழைக்கிறவர். 8-ஆம் நூற்றாண்டுச் சுந்தரரின் அடியார் பட்டியலிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதன் கதையை விரித்தார். சோழ நாட்டு ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். கோயிலுக்குள் முழங்கும் முரசுக்குத் தோல் கொடுத்தவர், தாம் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றார். தில்லைக்குப் போக வேண்டும் என்ற ஆசை பிறந்தபோது அவருக்கு இராத்திரியில் தூக்கம் இல்லை. விடிந்தால் தம் குலம் நினைவுக்கு வரும்; போய் என்ன பயன் என்று நிற்பார். ஆசை மறுபடி எழும். நாளைப் போவேன் என்பார். இப்படியே நாட்கள் போயின.

எங்கள் ஊரில் சோம்பேறிகளைக் கேலி செய்ய 'நாளைப்போவார்' என்று சொல்வார்கள். சின்ன வயதில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது. நந்தனாரா சோம்பேறி? கால் இருந்தது, வழி தெரிந்தது, ஆசையோ தூங்க விடவில்லை. கதவு ஒன்றுதான் மூடியிருந்தது. மூடியவர்களுக்கு ஒரு பட்டப் பெயரும் இல்லை. வெளியே நின்றவருக்குத்தான் வைத்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியபோது சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தார். பண்ணையார் வேதியர். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு வந்து நிற்கும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். எவ்வளவு நியாயமான பதில், பார்த்தீர்களா? போகாதே என்று சொல்லவில்லை. போ, ஆனால் பிறகு போ என்றார். கதையில் சிவபெருமானின் பூதகணங்கள் வந்து ஒரே இரவில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டன. நிஜத்தில் நாற்பது வேலியை முடித்துக் கொடுக்க எந்தப் பூதமும் வந்ததில்லை. நந்தன்களின் ஆயுள்தான் முடிந்திருக்கிறது. பாரதியார் அந்த வேதியரைக் கற்பனையாகப் படைத்தார் என்கிறார்கள். எனக்கென்னவோ அவர் சுற்றுமுற்றும் பார்த்து எழுதியதாகவே தோன்றுகிறது.

கோயில் வாசலில் அந்த நாளை எத்தனை காலம் நீடித்தது? 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதையர், கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்தார். சுந்தரர் காலத்திலிருந்து கணக்கிட்டால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. அப்போதும் 'இவ்வளவு அவசரம் எதற்கு' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஜனங்கள் பக்குவப்படட்டும், காலம் கனியட்டும் என்றார்கள். காலம் கனியட்டும் என்று சொல்கிறவன் பெரும்பாலும் அந்த மரத்துப் பழத்தை ஏற்கெனவே தின்றுகொண்டிருப்பவன் என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

அதே சோழ நாட்டில், நந்தன் ஏர் பிடித்ததாகக் கதை சொல்கிற அதே காவிரிப் பாசனத்தில், கீழ்வெண்மணி இருக்கிறது. வயல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார்கள் அந்த ஊர்க் கூலிக்காரர்கள். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, ஒரு குடிசைக்குள் ஒடுங்கியிருந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நாளைக்கு என்று தள்ளிவிட முடியாதபடி ஒருவன் இன்றே கேட்டுவிட்டால், நாற்பது வேலிக்காரனுக்கு வரும் கோபம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த இரவை நினைத்துக்கொள்ளலாம். நாளை என்று சிரித்துக்கொண்டே சொல்கிற வாயும் அந்தக் கோபமும் வேறு வேறு வீட்டைச் சேர்ந்தவை அல்ல.

'அதெல்லாம் பழைய கதை, இப்போது சட்டம் இருக்கிறது' என்பீர்கள். இருக்கிறது. கோர்ட்டில் ஒரு சொல் வழங்குகிறது: வாய்தா. நாளை என்பதற்குச் சர்க்கார் முத்திரை குத்தினால் அதுதான் வாய்தா. இந்திய நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 2023-இல் 5 கோடியைத் தாண்டிவிட்டதாகப் பாராளுமன்றத்திலேயே சொன்னார்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். அவர்களுக்கு 'இன்றே வாழ்' புத்தகத்தில் ஒரு பிரதி அனுப்பிவைக்கலாமா?

பொறுமை ஒரு குணமில்லையா, காத்திருப்பதில் அழகில்லையா என்று ஒரு கேள்வி வரும். வரட்டும், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். காத்திருப்பதில் இரண்டு தினுசு உண்டு. குறுவை நெல் அறுவடைக்கு வர நூறு, நூற்றுப்பத்து நாளாகும். அந்த நாட்களைக் கேட்பது பூமி. அதனிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பிள்ளை பிறக்கப் பத்து மாதம். அதைக் கேட்பது இயற்கை. அங்கெல்லாம் பொறுமை அழகுதான். ஆனால் அறுத்துக் களத்தில் குவித்துவிட்ட நெல்லிலிருந்து கூலியை அளந்து போட எத்தனை நாள் வேண்டும்? மரக்காலை எடுக்கிற நேரம்தான். அங்கே ஒருவன் காத்திருக்கிறான் என்றால் அவனைக் காக்க வைப்பது பூமியுமல்ல, இயற்கையுமல்ல. நானும் நீங்களும்.

பகைவனைப் பார்த்து 'நாளை வா' என்று சொன்ன இராமனைக் கம்பன் பாடியிருக்கிறானே என்று என் நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல உதாரணம். நானே அதைச் சொல்ல இருந்தேன். படையெல்லாம் இழந்து வெறுங்கையோடு நிற்கிறான் இராவணன். ஓர் அம்பு விட்டால் யுத்தம் அன்றே முடிந்துபோகும். அசோகவனத்திலிருந்து சீதை அன்றே திரும்பியிருப்பாள். அப்படியிருந்தும் இராமன் அவனுக்கு ஒரு நாளையைக் கொடுத்தான். யாருடைய நஷ்டத்தில்? தன்னுடைய நஷ்டத்தில். தன் இன்றைக் கொடுத்துப் பகைவனுக்கு ஒரு நாளை வாங்கித் தந்தான். நாமோ மைக் செட்காரரின் இன்றைப் பறித்துக்கொண்டு அவருக்கு நாளையைக் காட்டுகிறோம். சொல் ஒன்றாக இருந்தால் போதுமா, ஐயா?

இனி, சொல்வதாகச் சொன்ன என் கதைக்கு வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், கல்லூரிகள் திறக்கிற சமயம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள், வேலை முடிந்து போகாமல் என் அறை வாசலில் நின்றாள். "சார், ஒரு நாலாயிரம் வேணும் சார். பொண்ணுக்கு பி.காம். கெடச்சிருக்கு. ஃபீஸ் கட்டணும். மாசா மாசம் சம்பளத்துல புடிச்சிக்குங்க" என்றாள்.

நான் அப்போது ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருந்தேன். என்ன கதை என்று கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓர் ஏழைப் பெண்ணின் படிப்பு நின்றுபோன கதை! கண்ணீர் முட்டுகிற கட்டத்துக்கு வந்திருந்தேன். தலையைத் தூக்காமலே, "நாளைக்கு வாங்கிக்கம்மா" என்றேன். "சரிங்க சார்" என்று போய்விட்டாள்.

பணம் இல்லாமலில்லை. மேஜைமேல் கைப்பேசி கிடந்தது. அவள் பெண்ணின் கைப்பேசிக்கு அனுப்ப அரை நிமிஷம் போதும். எழுத்து வேகத்தில் மறந்துவிட்டேன் என்று வெகு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்ட மாத்திரத்தில் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும். ஒரு நாளாவது இழுத்தடித்துக் கொடுத்தால்தான் கொடுத்ததற்கு மதிப்பு. அவள் நாளைக்கு மறுபடி வர வேண்டும். வாசலில் மறுபடி நிற்க வேண்டும். நான் மறந்ததுபோல இருந்து, ஞாபகம் வந்ததுபோல எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தச் சின்ன நாடகத்தில் எனக்கு ஒரு ருசி இருந்தது. ருசி என்று எழுதக் கை தயங்குகிறது. வேறு சொல் இல்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள், வழக்கம்போல் தேய்த்தாள், வழக்கம்போல் கிளம்பினாள். நானாக அழைத்துக் கேட்டேன். "அது அன்னிக்கு சாயங்காலத்தோட முடிஞ்சிருச்சு சார். பரவால்ல, வுடுங்க" என்றாள். அன்றுதான் கடைசி நாள் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தால் அதைவிட அல்பத்தனம் இருக்க முடியாது. சம்பளக்காரர்கள் வீட்டு வாசலில் ஒரு தடவை கேட்பதற்கே அவள் எத்தனை நாள் தைரியம் சேர்த்தாளோ! கெடு வேறு சொல்லி நெருக்குவாளா?

என் கதை அச்சாயிற்று. மனத்தை உருக்கிவிட்டது என்று கடிதங்கள் வந்தன.

அந்தப் பெண் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று நம் தமிழ்நாட்டுச் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கடைகள் நிறுவனங்கள் சட்டம் வந்ததோ 1947-இல். ஒரு முக்காலி வாங்கிப் போட எழுபத்துநாலு ஆண்டு நாளைக்கு, நாளைக்கு என்றிருந்திருக்கிறோம்! "உட்கார ஸ்டூல் போட்டிருக்காங்களாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "இருக்கு சார். உட்கார்ந்தாத்தான் யாராவது வந்துடறாங்க" என்று சிரித்தாள்.

மறு வருஷம் அந்தச் சமயம் வந்தபோது, நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். இந்த ஆண்டு சேர்ந்துகொள், மூன்று வருஷச் செலவும் என்னுடையது என்றேன். உள்ளபடியே எனக்கு அப்போது ஒரு பெருமிதம்; பிராயச்சித்தம் செய்கிறவனின் பெருமிதம். அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அவள் சம்பளம் இப்போது அந்த வீட்டின் வாடகை. தம்பியின் படிப்பு அதில் நடக்கிறது. நான் கொண்டுபோன பணம் அவள் ஃபீஸைக் கட்டும். அந்த வாடகையைக் கட்டாது. ஒரு வருஷத்துக்கு முன்னால் நாலாயிரம் ரூபாயில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம், இப்போது நான் கொண்டுபோன பணத்துக்குக் கட்டுப்படாத அளவு வளர்ந்திருந்தது. இதை எந்தப் பொருளாதாரப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஏழையின் ஒரு நாளுக்கு வட்டி மிக அதிகம்.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன் சார்" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் காது சுட்டது.

வாழ்க்கையில் எது முக்கியம் என்று யாராவது இப்போது என்னைக் கேட்டால், பிரசங்கியைப் போல முக்கால் மணி பேச எனக்குத் தெரியாது. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன் நான், தத்துவம் படித்தவனில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என் வாசலில் இன்று யார் நிற்கிறார்கள், அவருக்கு நான் கொடுக்க வேண்டியது என்ன, அதைக் கொடுக்காமல் என்னைத் தடுப்பது பூமியா, இயற்கையா, என் சோம்பலா, என் ருசியா — இதற்கு விடை சொல்லிவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. நாளையின் அர்த்தம் என்ன என்று கேட்டால், காத்திருக்கிறவன் அதைச் சொல்லும்போது அது நம்பிக்கை. காக்க வைக்கிறவன் சொல்லும்போது அது திருட்டு என்பேன்.

எங்கள் வீட்டுச் சட்டத்தை மாற்றிவிட்டேன். பால் பாக்கி, இஸ்திரி பாக்கி, கேட்ட கடன், கேட்காத சம்பளம் எதுவும் அன்றைய விளக்கு அணைந்த பிறகு நிற்பதில்லை. இதில் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. மன்றத்துக் காரியதரிசிக்கும் போன் செய்தேன். மைக் செட்காரருக்குக் கொடுத்துவிட்டாராம், நான்காவது நடைக்கு.

அந்தப் பெண் பதில் சொல்வதாகச் சொன்ன நாளை இன்னும் வரவில்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை; நெருக்க எனக்கு உரிமை கிடையாது. காத்திருக்கிறேன்.